எந்தப் பிரிவில் சுடுவது, எந்தப் பிஸ்டலை வாங்குவது?

கேள்வி: எனக்கு வயது 41. திண்டுக்கல் அருகே அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். மகளைத் துப்பாக்கி சுடும் கோடை முகாமில் சேர்க்கப் போன இடத்தில் நானும் பிஸ்டலைக் கையில் எடுத்தேன். மகள் சீக்கிரமே விட்டுவிட்டாள். என்னால் விட முடியவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மதுரைக்குப் போய்ப் பயிற்சி செய்கிறேன். அடுத்த மாநிலப் போட்டியில் பெயர் கொடுக்க ஆசை. '10 மீட்டரில் கூட்டம் அதிகம், 25 மீட்டருக்குப் போய்விடுங்கள், பதக்கம் எளிது' என்று உடன் சுடுகிறவர்கள் சொல்கிறார்கள். அவர்களில் ஒருவர் தம்முடைய பழைய வெளிநாட்டு ஏர் பிஸ்டலை, மின்னணு டிரிக்கர் உள்ளதை, 90 ஆயிரம் ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். என்னிடம் இருப்பது ஒன்றரை லட்சம். எந்தப் பிரிவை எடுக்கலாம்? அந்தப் பிஸ்டலை வாங்கலாமா? இன்னொன்று: நான் வலக்கைப் பழக்கம் உள்ளவள், ஆனால் என் இடக்கண்தான் ஆதிக்கக் கண் என்கிறார்கள். புரோகிரெசிவ் மூக்குக் கண்ணாடி அணிகிறேன். இதனால் ஏதும் சிக்கல் வருமா?
— ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கண்ணைப் பற்றிப் போகிற போக்கில் கடைசியாகக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான். எந்தக் கண்ணால் பார்க்கப் போகிறீர்கள் என்று முடிவான பிறகே எந்தக் கையால் சுடுவது என்று சொல்ல முடியும். கை முடிவானால் கிரிப், அதாவது கைப்பிடி. கிரிப் முடிவானால் பிஸ்டல். நீங்கள் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் 90 ஆயிரத்தைக் கட்டப் பார்க்கிறீர்கள்.

பிரிவு மட்டும் இந்த வரிசைக்கு வெளியே நிற்கிறது. அதை முதலில் முடித்துவிடுகிறேன்: 10 மீட்டர் ஏர் பிஸ்டல். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

25 மீட்டர் நல்ல பிரிவுதான். பெண்கள் 25 மீட்டர் பிஸ்டலில் 60 குண்டுகள். முதல் 30 நிதானமாகச் சுடுவது. ஐந்து ஐந்தாக, ஒவ்வோர் ஐந்துக்கும் ஐந்து நிமிடம். அடுத்த 30 விரைவுப் பகுதி. கையை 45 பாகைக்குக் கீழே இறக்கி வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். இலக்கு மூன்று விநாடி தெரியும், அதற்குள் கையை உயர்த்தி ஒரே ஒரு குண்டு. பிறகு ஏழு விநாடி இலக்கு மறையும். பார்ப்பதற்கே பரவசமாக இருக்கும். ஆனால் சுடுவது 0.22 தோட்டா. அதற்கான பிஸ்டல் ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டிய ஆயுதம். உரிமம் கிடைக்கும்வரை நீங்கள் கிளப்பின் பிஸ்டலைக் கிளப்பில் மட்டுமே தொடலாம், தோட்டாவும் அப்படியே. அதாவது ஞாயிறு மாலை அதை ஒப்படைத்துவிட்டால் அடுத்த ஞாயிறுவரை உங்கள் கைக்கு வேலை இல்லை.

ஏர் பிஸ்டல் அப்படி இல்லை. 4.5 மி.மீ. குழல், 20 ஜூலுக்கு மிகாத ஆற்றல் என்ற வரம்புக்குள் இருக்கும் காற்றுத் துப்பாக்கிக்கு 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. போட்டிக்கான ஏர் பிஸ்டலின் ஆற்றல் சுமார் 6 ஜூல்தான். அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கொடுத்து வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாம். குண்டு போடாமல், வெள்ளைச் சுவரைப் பார்த்து, தினமும் இரவு இருபது நிமிடம் டிரிக்கரை அழுத்திப் பழகலாம். வாரம் ஒருநாள் மட்டும் ரேஞ்சுக்குப் போக முடிகிறவர் மற்ற ஆறு நாட்களில் என்ன செய்ய முடியும் என்பதை வைத்துத்தான் பிரிவை முடிவு செய்ய வேண்டும். பதக்கம் எங்கே எளிது என்பதை வைத்து முடிவு செய்கிறவர்கள் இரண்டு ஆண்டுகளில் வேறு பொழுதுபோக்குக்குப் போய்விடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

'25 மீட்டரில் ஆள் குறைவு' என்பது உண்மை. ஆனால் ஆள் குறைவான இடத்திலும் அடுத்த படிக்குத் தகுதிப் புள்ளி என்று ஒன்று உண்டு. அங்கே நன்றாகச் சுடுகிறவர்களில் பெரும்பாலோர் 10 மீட்டரில் கை பழகி வந்தவர்கள். நிதானப் பகுதியின் 30 குண்டுகளுக்கு வேண்டியது 10 மீட்டரில் கற்கும் அதே வித்தைதான். டிரிக்கர் எடை, அதாவது டிரிக்கர் விடுபட விரல் கொடுக்க வேண்டிய குறைந்தபட்ச அழுத்தம், மட்டும் 500 கிராமுக்குப் பதில் 1,000 கிராம். மனு பாக்கர் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 10 மீட்டரில் வெண்கலம் வென்ற கையோடு 25 மீட்டரிலும் நான்காம் இடம் பிடித்தார். 10 மீட்டரில் 60 குண்டுக்கு, 600 புள்ளிக்கு 540ஐத் தொட்டு அங்கேயே நிலைத்து நிற்கத் தொடங்கிய பிறகு 25 மீட்டருக்குப் போங்கள். அப்போது நானே பரிந்துரைப்பேன்.

மற்றப் பிரிவுகளைப் பற்றிச் சுருக்கமாக. 2022இல் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டியில் நடிகர் அஜித்குமார் கலந்துகொண்ட பிறகு சென்டர் ஃபயர், ஸ்டாண்டர்டு பிஸ்டல், 50 மீட்டர் ஃப்ரீ பிஸ்டல் என்ற பெயர்களெல்லாம் நாளிதழ்களில் அடிபட்டன. விசாரித்து எனக்கும் கடிதங்கள் வந்தன. அவை எல்லாம் உரிமமும் நீண்ட ரேஞ்சும் கேட்பவை. 50 மீட்டர் பிஸ்டல் 2016 ரியோவுக்குப் பிறகு ஒலிம்பிக்கிலிருந்தே நீக்கப்பட்டுவிட்டது. டிரிக்கர் எடைக்கு வரம்பே இல்லாத, மூச்சு விட்டாலே வெடித்துவிடும் பிஸ்டல்கள் அவை. எனக்கு மிகவும் பிடித்த பிரிவு. புதிதாக வருகிற எவரையும் அதற்கு அனுப்ப மாட்டேன்.

இனி கண்.

முதலில் ஆதிக்கக் கண்ணை நீங்களே ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். இரு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு இடையே சிறு ஓட்டை விட்டு, அதன் வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணை மூடினால் கடிகாரம் மறைகிறதோ அதுவே ஆதிக்கக் கண். நின்று, உட்கார்ந்து, களைத்த நேரத்தில் என்று பலமுறை செய்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் இடக்கண் என்றே வந்தால் ஆதிக்கம் பலமானது. மாறி மாறி வந்தால் கவலையே வேண்டாம்.

கை ஒருபுறம் கண் ஒருபுறம் இருப்பது ரைஃபிளில் பெரிய தொல்லை. கன்னத்தைக் கட்டையோடு ஒட்டி வைத்துச் சுட வேண்டும் என்பதால் மறுபக்கக் கண்ணை அங்கே கொண்டுபோகவே முடியாது. பிஸ்டல் நீட்டிய கையின் நுனியில் இருக்கிறது. அதனால் உங்களுக்கு மூன்று வழிகள் உண்டு. வலக்கை, வலக்கண், இடக்கண்ணுக்கு மறைப்பு என்பது ஒன்று. வலக்கையில் பிடித்துத் தலையைச் சற்றே திருப்பி இடக்கண்ணால் பார்ப்பது இரண்டாவது. இடக்கைக்கே மாறிவிடுவது மூன்றாவது.

முதல் வழியில் தொடங்குங்கள். இடக்கண்ணை மூடாதீர்கள்; ஒரு கண்ணை இறுக்கி மூடினால் மற்றக் கண்ணைச் சுற்றிய தசையும் சேர்ந்து இறுகும், பத்துக் குண்டுக்குள் பார்வை கலங்கும். கறுப்பு அட்டையால் மறைப்பதும் சரியில்லை. ஒரு கண் இருட்டிலும் மறு கண் வெளிச்சத்திலும் இருந்தால் கண் பாப்பா இரண்டும் குழம்பும். ஐஸ்கிரீம் டப்பாவின் பால்வெள்ளை மூடி ஒன்றை எடுத்து, 30 மி.மீ. அகலத்துக்கு வெட்டி, கண்ணாடியின் இடப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். ஒளி உள்ளே வரும், இலக்கு தெரியாது. 30 மி.மீ. என்று நான் சொல்வது விதியில் உள்ள உச்ச அளவு. அதற்கு மேல் போனால் போட்டியில் கழற்றச் சொல்வார்கள்.

நான்கு ஞாயிறுகள் இப்படிச் சுடுங்கள். புள்ளியைக் கூட்டிப் பார்க்காதீர்கள். பத்துக் குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பதை மட்டும் பாருங்கள். அட்டையின் ஓரத்தில் விழுந்தாலும் பரவாயில்லை, கூட்டமாக விழ வேண்டும். கூட்டம் சுருங்கிக்கொண்டே வந்தால் வலக்கை, வலக்கண் என்று முடிவு செய்துகொள்ளலாம். உங்களைப் போலப் பல ஆண்டுகள் வலக்கையால் கரும்பலகையில் எழுதியவர்களுக்குப் பெரும்பாலும் இதுவே போதுமானதாக இருக்கும். கண்ணாடி போட்ட பிறகும் வலக்கண் பார்வை இடக்கண்ணைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தால் மட்டும் இரண்டாம் வழியையும், அதில் கழுத்து வலித்தால் மூன்றாம் வழியையும் முயலலாம். இடக்கை என்றதும் சிரிக்காதீர்கள். தொடக்க நிலையில் கை மாறுவது ஒரு மாதப் பாடு. மூன்று ஆண்டுகள் கழித்து மாறுவது பெரும்பாடு. அந்தப் பழைய பிஸ்டலை வாங்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு முதல் காரணமும் இதுதான். அதில் இருப்பது வலக்கைக் கிரிப்பாகத்தான் இருக்கும்.

அடுத்து, புரோகிரெசிவ் கண்ணாடி. அதைப் போட்டுக்கொண்டு சுடவே கூடாது. அந்த லென்ஸில் மேலே ஒரு பவர், கீழே ஒரு பவர். தலை இம்மியளவு சாய்ந்தாலும் முன் சைட் (குறிபார்க்கக் குழலின் நுனியில் உள்ள பட்டை) ஒரு குண்டுக்குத் தெளிவாகவும் அடுத்த குண்டுக்கு மங்கலாகவும் தெரியும். குறை கையிலா கண்ணிலா என்று பயிற்சியாளருக்கே புரியாது.

பிஸ்டல் சுடுகிறவர் தெளிவாகப் பார்க்க வேண்டியது முன் சைட்டை. இலக்கின் கறுப்பு வட்டம் மங்கித்தான் தெரிய வேண்டும். பின் சைட்டும் கொஞ்சம் மங்கும். புதியவர்கள் எல்லோரும் இலக்கைப் பார்த்துவிடுவார்கள், அது மனித இயல்பு. கறுப்பு வட்டத்தின் குறுக்களவு 59.5 மி.மீ.; அதன் நடுவே உள்ள பத்துப் புள்ளி வட்டம் வெறும் 11.5 மி.மீ. பத்து மீட்டர் தொலைவில் அந்த உள்வட்டம் உங்கள் கண்ணுக்குத் தெரியப்போவதில்லை, தெரிய வேண்டியதும் இல்லை. கறுப்புக்குக் கீழே ஒரு வெள்ளை இடைவெளி விட்டு அங்கே சைட்டை நிறுத்திப் பழகுகிறோம். முன் சைட்டின் இருபுறமும் சம அளவு வெளிச்சம், மேல் விளிம்பு பின் சைட்டோடு ஒரே மட்டம்: இதுதான் பார்வையின் முழு வேலை. முன் சைட் உங்கள் கண்ணிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டரில் இருக்கும். நாற்பதைத் தாண்டிய கண்ணுக்குத் தூரப் பார்வை பவரில் அங்கே தெளிவு கிடைக்காது. படிக்கும் பவரைப் போட்டாலோ இலக்கு அடியோடு கரைந்துவிடும்.

கண் பரிசோதகரிடம் போய் இப்படிச் சொல்லுங்கள்: 'ஒரு மீட்டர் தொலைவில் உள்ள மெல்லிய கறுப்புப் பட்டை கூர்மையாகத் தெரிய வேண்டும், அதற்கு அப்பால் உள்ளது மங்கலாகவாவது தெரிய வேண்டும்.' பொதுவாகத் தூரப் பவரோடு பிளஸ் 0.50 அல்லது 0.75 கூட்டினால் சரியாக வரும். சோதனை லென்ஸ் ஒன்றை இரவல் கேட்டு ரேஞ்சுக்குக் கொண்டுபோய், பிஸ்டலைத் தூக்கிப் பார்த்தபிறகு உறுதி செய்யுங்கள். கடைக்குள் இருக்கும் வெளிச்சமும் ரேஞ்சின் வெளிச்சமும் ஒன்றல்ல. முதல் ஆண்டுக்கு ஒரு சாதாரண சட்டத்தில் ஒற்றைப் பவர் லென்ஸ் போதும். சுடுவதற்கென்றே செய்த, லென்ஸை எப்பக்கமும் திருப்பிப் பார்வைக் கோட்டுக்குச் செங்குத்தாக வைக்கக்கூடிய கண்ணாடிகளைப் பிறகு வாங்கலாம்.

இந்த இடத்தில் துருக்கியின் யூசுஃப் டிகெச்சை நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள் என்று தெரியும். பாரிஸில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் கலப்பு அணிப் போட்டியில், ஒரு கையைப் பையில் விட்டுக்கொண்டு, வீட்டுக் கண்ணாடியோடு, மறைப்பு எதுவும் இல்லாமல் நின்று வெள்ளி வென்றவர். அதே போட்டியில்தான் மனு பாக்கரும் சரப்ஜோத் சிங்கும் வெண்கலம் வென்றார்கள். டிகெச் படத்தைப் பார்த்துவிட்டு 'சாதனமே வேண்டாம்' என்று பேசுகிறவர்கள், அப்போது அவருக்கு வயது 51 என்பதையும் அது அவருக்கு ஐந்தாவது ஒலிம்பிக் என்பதையும் சொல்ல மறந்துவிடுகிறார்கள். இரு கண்களையும் திறந்து சுட அவர் பழகியிருக்கிறார். கையில் இருந்ததோ முழுமையான போட்டிப் பிஸ்டல். உங்கள் வயதைப் பற்றிய கவலை இருந்தால் அதற்கு மட்டும் அவரை எடுத்துக்கொள்ளுங்கள்.

கை முடிவாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது கிரிப். என் அனுபவத்தில் பிஸ்டலின் பெயரைவிடப் புள்ளியை அதிகம் மாற்றுவது இதுதான். வெளிநாட்டுப் போட்டிப் பிஸ்டல்கள் சிறிது, நடுத்தரம், பெரிது என்று கிரிப் அளவு பிரித்து வருகின்றன. நம்மூரில் பழைய பிஸ்டல்கள் பெரும்பாலும் ஆண்களின் கையிலிருந்து வருவதால் நடுத்தரமோ பெரிதோதான் கிடைக்கும். உங்கள் கைக்குச் சிறிய அளவு வேண்டியிருக்கலாம். இதை எப்படிக் கண்டுபிடிப்பது? கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட கவட்டையைக் கிரிப்பின் உச்சியில் நன்றாக ஏற்றிப் பிடியுங்கள். ஆட்காட்டி விரலின் முதல் கணுவின் நடுச்சதை டிரிக்கரில் உட்கார வேண்டும். அந்த விரல் மரத்தை எங்கும் உரசக் கூடாது. விரல் எட்டவில்லை என்று மணிக்கட்டைத் திருப்பிக்கொடுத்தீர்களானால் கிரிப் பெரிது.

பிறகு இந்தச் சோதனை. குண்டில்லாத பிஸ்டலைப் பிடித்து, கண்ணை மூடி, வழக்கம்போலக் கையை உயர்த்துங்கள். ஒரு மூச்சு விட்டுவிட்டுக் கண்ணைத் திறங்கள். முன் சைட் பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவே நிற்க வேண்டும். ஒவ்வொரு முறையும் இடப்பக்கமே ஒதுங்கி நின்றால், அல்லது பள்ளத்துக்குக் கீழே மூழ்கி நின்றால், கையைக் குறை சொல்லாதீர்கள். கிரிப்பின் கோணத்தையோ உள்ளங்கைத் தாங்கியையோ மாற்ற வேண்டும். மரப்புட்டி வைத்து நிரப்பி, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி நிரப்பி, மறுபடி தேய்த்து ஒரு கிரிப்பைக் கைக்குப் பொருத்துவது பல மாலைகளின் வேலை. உள்ளங்கைத் தாங்கி கையைச் சுற்றி வளைக்கக் கூடாது, கிரிப் மணிக்கட்டைத் தாங்கக் கூடாது என்பது விதி; அதற்குள் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். கிளப் பிஸ்டலில் புட்டி வைக்க விட மாட்டார்கள். ஆனால் எப்போதும் ஒரே பிஸ்டலையே கேட்டு வாங்கிச் சுடுங்கள். ஞாயிறுக்கு ஞாயிறு வேறு வேறு கிரிப்பைப் பிடித்தால் கை எதையும் கற்காது.

இப்போது 90 ஆயிரம் ரூபாய்ப் பிஸ்டலுக்கு வருகிறேன். விலை கொள்ளை என்று சொல்ல மாட்டேன். முதல்தரப் புதுப் பிஸ்டல்கள் இன்று இரண்டு லட்சத்தைத் தொட்டும் தாண்டியும் விற்கின்றன. ஆனால் விற்பவரிடம், குண்டைத் தள்ளும் காற்றை அடைத்து வைக்கும் சிலிண்டரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். அதில் தயாரிப்பு ஆண்டு பொறித்திருக்கும். காற்றுச் சிலிண்டர்களுக்குத் தயாரிப்பாளர்கள் தரும் ஆயுள் பொதுவாகப் பத்து ஆண்டுகள். காலாவதி ஆகாத சிலிண்டரைக் கொண்டுவருவது சுடுகிறவரின் பொறுப்பு என்று சர்வதேச விதி சொல்கிறது. ஆயுள் முடிந்த சிலிண்டர் என்றால் புதியதை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். அந்தச் செலவையும் கிரிப் மாற்றும் செலவையும் கூட்டினால் மலிவு என்று நினைத்தது மலிவாக இராது. 200 பார் அழுத்தத்துக்குக் காற்று நிரப்ப வீட்டில் ஒரு கைப் பம்பும் வேண்டும். அது உடற்பயிற்சிக் கணக்கில் சேர்த்தி.

மின்னணு டிரிக்கரைப் பற்றி எனக்கு ஒரு சாய்வு உண்டு, சொல்லிவிடுகிறேன். கண்ணாடித் தண்டு முறிவதுபோல அவ்வளவு சுத்தமாக விடுபடும்; குண்டில்லாப் பயிற்சிக்கும் மிக வசதி. பெரிய வீரர்கள் பலர் அதைத்தான் விரும்புகிறார்கள். ஆனால் பழைய பிஸ்டலில் மின்சுற்றுக்குக் கோளாறு வந்தால் திண்டுக்கல்லிலோ மதுரையிலோ அதைப் பிரித்துப் பார்க்க ஆள் கிடைப்பது அரிது. இயந்திர டிரிக்கர் என்றால் ஒரு திருகாணி, ஒரு சுருள்வில் என்று அனுபவமுள்ள பயிற்சியாளர் ரேஞ்சிலேயே சரிசெய்துவிடுவார். 2021இல் டோக்கியோவில் தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் பிஸ்டல் பழுதானது. விலைமதிப்பில்லாத நிமிடங்கள் அதில் போயின. 575 புள்ளிகளோடு 12ஆம் இடத்தில் நின்று, இறுதிச் சுற்றைத் தவறவிட்டார். பயிற்சியாளரும் உதவியாளரும் சூழ நிற்கும் ஒலிம்பிக்கிலேயே இந்தப் பாடு என்றால், தனியாக பஸ் ஏறி வரும் உங்களுக்கு எளிமையான பொறிதான் நல்லது.

ஆகவே வாங்க வேண்டியது இப்படி இருக்கட்டும்: இயந்திர டிரிக்கர், நீங்கள் முடிவு செய்த கைக்கு, உங்கள் அளவுக் கிரிப், ஆயுள் மிச்சமிருக்கும் சிலிண்டர் ஒன்றுக்கு இரண்டு. ஒரு கிலோவுக்குள் எடை. விதி 1,500 கிராம்வரை விடுகிறது, ஆனால் 60 முறைக்கு மேல் தூக்கப்போவது உங்கள் தோள். ஸ்டெயர், மொரினி, பார்தீனி, வால்தர், ஃபெயின்வெர்க்பாவ் ஆகிய ஐந்தில் எதுவானாலும் உலகப் போட்டிகளில் சுடப்படுபவைதான். எது சிறந்தது என்ற விவாதத்தில் ஒரு மாலைப் பொழுதை இன்பமாகக் கழிக்கலாம், புள்ளி கூடாது. உங்கள் கிளப்பில் அதிகம் பேர் வைத்திருக்கும் வகையை எடுங்கள். உதிரிப் பாகமும் யோசனையும் பக்கத்திலேயே கிடைக்கும். ஒன்றரை லட்சத்தில் நல்ல நிலையில் உள்ள பழையது ஒன்று மாட்டும். ஆறு மாதம் காத்திருக்கத் தயாராக இருந்தால் நிச்சயம் மாட்டும். ஆசையாக வாங்கிவிட்டு அலமாரியில் வைத்திருப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

அதுவரை வீட்டில் என்ன செய்வது? ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் கழுத்தைப் பிடித்து, கையை நீட்டி, சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்துப் பதினைந்து விநாடி நில்லுங்கள், ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடி. தோள் பழகட்டும். பிஸ்டல் வந்த பிறகு வீட்டில் குழந்தை இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். பூட்டிய பெட்டி, குண்டு வேறிடம், குழலில் எப்போதும் பாதுகாப்புக் கொடி (உள்ளே குண்டு இல்லை என்று காட்டும் அடையாளம்).

சின்னப் பொருள்கள் சில. குண்டு தட்டைத் தலை உள்ளதாக, போட்டிக்கென்று செய்ததாக இருக்க வேண்டும். தாளில் வட்டமாகத் துளையிடுவது அதுதான். தொடக்கத்தில் விலை உயர்ந்த டப்பா வேண்டாம், ஆனால் ஒரே வகையை விடாமல் வாங்குங்கள். காலணி தட்டையாக, கணுக்கால் எலும்பை மூடாததாக இருக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் போடும் கான்வாஸ் ஷூ போதும். காதுக்கு அடைப்பான். ரைஃபிள்காரர்களைப் போல விறைத்த கோட்டும் கால்சட்டையும் நமக்குத் தேவையில்லை. பிஸ்டலைத் தேர்ந்ததில் உங்களுக்கு மிச்சமான பெரிய தொகை அது.

மாநிலப் போட்டிக்கு வருவோம். நம் நாட்டுப் போட்டிகளில் ஒரே 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கும் ஐ.எஸ்.எஸ்.எஃப்., என்.ஆர். என்று இரண்டு பட்டியல்கள் இருக்கும். முன்னது சர்வதேசத் துப்பாக்கி சுடும் கூட்டமைப்பின் விதிப்படி, பின்னது இந்தியச் சங்கத்தின் தேசிய விதிப்படி. நாட்டு அணிக்கான தேர்வு முன்னதிலிருந்துதான். வயதுப் பிரிவுகள் வேறு உண்டு. யார் எதில் பெயர் கொடுக்கலாம், அடுத்த படிக்கு எத்தனை புள்ளி வேண்டும் என்பதெல்லாம் அவ்வப்போது மாறுபவை. எனவே உடன் சுடுகிறவர் சொல்வதை நம்பாமல் அந்த ஆண்டின் சுற்றறிக்கையை வாங்கிப் படியுங்கள். முதல் போட்டிக்கு என்.ஆர். பட்டியலில் இடம் கிடைத்தால் அதையே எடுங்கள், தேசிய அணி வீராங்கனையின் பக்கத்தில் நின்று நடுங்க வேண்டியிருக்காது.

ஐ.எஸ்.எஸ்.எஃப். விதிப்படி பெண்களும் ஆண்களைப் போலவே 60 குண்டுகள் சுட வேண்டும். 2018க்கு முன்பு 40ஆக இருந்தது. மின்னணு இலக்கில் 75 நிமிடம், தாளில் 90 நிமிடம், அதற்கு முன் 15 நிமிடத் தயாரிப்பு. அந்தப் பதினைந்து நிமிடத்தில் எத்தனை சோதனைக் குண்டு வேண்டுமானாலும் சுடலாம். புதியவர்கள் அதிலேயே கையைக் களைப்பாக்கிக்கொள்வார்கள். பத்துப் பன்னிரண்டோடு நிறுத்துங்கள்.

சுடுவதற்கு முன் சாதனப் பரிசோதனை. பிஸ்டலைக் குழல் மேல்நோக்கி நிறுத்தி, டிரிக்கரில் 500 கிராம் எடையைத் தொங்கவிட்டு மெல்லத் தூக்குவார்கள். எடை தரையை விட்டு எழும்பும்போதும் டிரிக்கர் விடுபடாமல் இருக்க வேண்டும். சரியாக 500இல் வைத்திருந்தால் மதுரையில் தேறியது போட்டி நடக்கும் ஊரில் தேறாமல் போகலாம். 520 கிராமில் வையுங்கள். அந்த 20 கிராம் வித்தியாசம் உங்கள் விரலுக்குத் தெரியவே தெரியாது.

கிளப் பிஸ்டலோடுதான் போட்டிக்குப் போக வேண்டி வந்தால் தயங்காமல் போங்கள். பெயரை மட்டும் ஒரே பிரிவில் கொடுங்கள். இரண்டு பிரிவு, மூன்று பிரிவு என்று கட்டணம் கட்டச் சொல்லி ஆசை காட்டுவார்கள். முதல் போட்டியில் 480 வந்தாலும் 500 வந்தாலும் அந்த அட்டையைப் பத்திரப்படுத்தி, பத்துப் பத்துக் குண்டாகப் பிரித்துப் பாருங்கள். முதல் பத்தும் கடைசிப் பத்தும் மட்டும் மோசமாக இருந்தால் அது போட்டிப் பதற்றமும் தோள் களைப்பும். அது எல்லோருக்கும் வருவது. ஆறு பத்துகளிலும் குண்டுகள் ஒரே பக்கமாக ஒதுங்கியிருந்தால் மட்டும் எனக்கு மறுபடி எழுதுங்கள், எந்தப் பக்கம் என்று குறிப்பிட்டு.